பத்து விரல் சாட்சி

ஓடிப்போன பெண்களைத் தேடிப் பிடிக்கும் வேலையை ஜுவேரியா எடுப்பதில்லை. தேனாம்பேட்டையில் அந்த மாடி அறையைப் பிடித்து, துப்பறியும் நிறுவனம் என்று பலகை மாட்டிய அன்றே அவள் போட்டுக்கொண்ட சட்டம் அது. ஓடுகிறவள் எதற்கோ பயந்துதான் ஓடுகிறாள். அவளை இழுத்துவந்து அதே வாசலில் விட்டுவிட்டுக் கூலிக்குக் கை நீட்டுவது ஈனப் பிழைப்பு என்பது அவள் கட்சி. இந்தச் சட்டத்தால் கைநழுவிய கேஸ்களை நினைத்து உதவியாளன் துரைராஜ் அவ்வப்போது பெருமூச்சு விடுவான்.

ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் கேட்டது வேறு.

"எம் மவளக் கூட்டிட்டு வர வேண்டாம் தாயி. எங்க இருக்கான்னுகூட எனக்குச் சொல்ல வேண்டாம். உசுரோட இருக்காளா இல்லையா, அத மட்டும் பாத்துச் சொல்லுதீயளா?"

ஜுவேரியா பேனாவைக் கீழே வைத்தாள். துரைராஜ் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தான். அவனுக்குத் தெரிந்த மரியாதை அது.

பேச்சியம்மாள், தி.நகர் மாணிக்கவாசகம் ஸ்டோர்ஸ் முதலாளியின் மனைவி. முதலாளி போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொள்வது மகன் முருகன். மகள் ஸ்வர்ணலதா கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் அம்மாவோடு இருந்தாள். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை வெளியே போனவள் திரும்பவில்லை. அண்ணன்தான் போலீசில் புகார் கொடுத்தான். போலீஸ் தேடியதில் கிடைத்த தகவல், லதா புதிதாக பாஸ்போர்ட் எடுத்திருக்கிறாள், டெல்லி போய் அங்கிருந்து காத்மாண்டுவுக்கு விமானம் ஏறியிருக்கிறாள் என்பது. வயது வந்த பெண், தன் இஷ்டப்படி நாட்டைவிட்டுப் போயிருக்கிறாள் என்று சொல்லி வழக்கை முடித்துவிட்டார்கள்.

"ஆடிப்பெருக்கு முடிஞ்ச ரெண்டாம் நாளே எங்களுக்குத் தெரியாமப் போய் ரேகை குடுத்திருக்காளாம். பத்து வெரலையும் மிசின்ல வச்சு அழுத்தி, அங்கனயே போட்டாவும் புடிப்பாவளாம். வேற ஆளு போயி வாங்கவே முடியாதுன்னு சொல்லுதாவ. நெசமா தாயி?"

"நெசம்தாம்மா" என்றாள் ஜுவேரியா.

"இப்போ வர்ற பாஸ்போட்ல அட்டைக்குள்ளயே ஒரு சிப்பு கீதும்மா" என்று துரைராஜ் சேர்ந்துகொண்டான். "நம்ம மூஞ்சி, ரேகை எல்லாம் அதுக்குள்ள பூந்துகினு இருக்கும். ஏர்போட்ல மிசின் மேல வச்சா, இவரு அவருதானான்னு சிப்பே சொல்லிரும். எம் மூஞ்சிய வச்சா சிப்பு தாங்குமான்னுதான் நான் இன்னும் அப்ளை பண்ணாம கீறேன்."

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. துரைராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போலீஸ் இவ்வளவு உறுதியா சொல்லும்போது உங்களுக்கு ஏம்மா சந்தேகம்?"

"அவ எங்கிட்ட சண்டை போடுவா. கதவ அடிச்சிச் சாத்துவா. ஆனா சாத்துறதுக்கு முன்னால போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் சாத்துவா. சொல்லாமப் போறவ இல்ல எம் மவ."

"பாஸ்போர்ட் போட்டோவ உங்களுக்குக் காட்டினாங்களா?"

"முருகன் பாத்துட்டு வந்தான். லதாதான்னு சொன்னான். எங்க வீட்டுப் பொம்பளையாளுவ போலீசு டேசன் படி ஏறுனது கிடையாது, தாயி. எங்க வீட்டுக்காரவ இருந்த காலத்துலயே அப்பிடித்தான்."

கூடவே இன்னொன்றும் சொன்னாள். அஸ்வின் என்று ஒரு பையன், ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். லதாவுக்கு அவன்மேல் விருப்பம். அவனோடுதான் நேபாளம் ஓடிவிட்டாள் என்று முருகன் சொல்கிறானாம்.

"அந்தப் பட்டறைல இருந்தே ஆரம்பிப்போம்" என்று எழுந்தாள் ஜுவேரியா. சட்டம் போட்டவளே அதை வளைப்பதைத் துரைராஜ் கண்டும் காணாததுபோல் சாவியை எடுத்துக்கொண்டான்.

*

காதலியோடு காத்மாண்டுவில் இருக்கவேண்டிய அஸ்வின், ஈக்காட்டுத்தாங்கலில் கையெல்லாம் கிரீஸோடு நின்றிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. யாரோ இரண்டு பேர் உள்ளே வந்ததும் முதலில் அவன் பார்வை போனது பின்வாசலுக்கு.

"அடிக்க வரல நைனா" என்றான் துரைராஜ். "அடிக்கிற மாதிரி உடம்பா இது? பேசத்தான் வந்தோம்."

அவன் நம்பச் சிறிது நேரம் பிடித்தது. லதாவின் அம்மா அனுப்பினார் என்றதும்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"அவங்க அண்ணன் ஆளுங்களோட வந்து பட்டறையப் புரட்டிப் போட்டுட்டுப் போனார் மேடம். எங்கடா ஒளிச்சு வச்சிருக்கன்னு கேட்டார். போலீஸ் என்னடான்னா அவ நேபாளம் போயிட்டாங்குது. நான் யாரை நம்பறது?"

"பாஸ்போர்ட் எடுக்கப் போறேன்னு லதா உங்ககிட்ட சொன்னாளா?"

"இல்ல. ஆவணிக் கடைசில பதிவுக் கல்யாணம்னு முடிவு பண்ணியிருந்தோம். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே அப்ளை பண்ணலாம், புருஷன் பேர் போட்டு வாங்கிக்கிறேன்னு சொன்னா. அண்ணன்கிட்டயும் நேராவே சொல்லிட்டா, கல்யாணம் பண்ணிக்கப் போறேன், கடைக் கட்டடத்துல என் பாதியப் பிரிச்சுக் குடுன்னு. அப்புறம் எதுக்கு மேடம் அவ தனியா ஓடணும்?"

அவன் போனை எடுத்து அவளுடைய செய்திகளைக் காட்டினான். ஜுவேரியா மேலே தள்ளிக்கொண்டே போனாள். ஒரு படத்தில் விரல் நின்றது. விரித்த இரண்டு உள்ளங்கைகள், நடுவில் வட்டமாக மருதாணி. பத்து விரல் நுனியிலும் தொப்பி வைத்ததுபோல் அரக்குச் சிவப்பு.

"இது என்னிக்கு அனுப்பினது?"

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு. முந்தின நாள் சாயங்காலம் அவங்கம்மா இலையப் பறிச்சு அரைச்சு வச்சு விட்டாங்களாம். நல்லா செவந்தா புருஷனுக்கு ஆசை ஜாஸ்தின்னு…" அஸ்வின் நிறுத்திக்கொண்டான். லேத் பக்கம் திரும்பி, ஓடாத இயந்திரத்தின் சுவிட்சைத் தட்டினான்.

திரும்பும்போது பைக்கில் துரைராஜ் வழக்கம்போல் பேசிக்கொண்டே வந்தான். மனசு கனத்தால் அவன் வாய் கூடுதலாக ஓடும்.

"மருதாணின்ன உடனே ஞாபகம் வந்துச்சு மேடம். என் மச்சான் என் பொண்டாட்டிய துபாய்க்கு ஒரு தபா கூப்ட்டான். இவ இன்னா பண்ணா, கல்யாண வீட்ல கை நிறையப் போட்டுக்கினு அப்டியே பாஸ்போட் ஆபீசுல போய் நின்னா. மிசின்ல வெரலை வைக்கிறா, எடுக்கறா, வைக்கிறா, எடுக்கறா, ரேகை வுழவே இல்ல. மருதாணி வச்சுக்கினு வராதீங்கன்னு முன்னாடியே சொல்லித்தானேம்மா இருக்கு, கலர் போனப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டாங்க. வூட்டுக்கு வந்து திட்டு மொத்தமும் எனக்கு…"

"வண்டிய நிறுத்து துரை."

"அசோக் பில்லர் மேடம், இங்க நிறுத்துனா…"

"நிறுத்து."

ஓரம் கட்டினான். பின்னால் வந்த பஸ்காரன் திட்டிவிட்டுப் போனான். ஜுவேரியா இறங்கி நடைபாதையில் நின்றாள்.

"ஆடிப்பெருக்கன்னிக்கு லதாவோட பத்து விரலும் செக்கச் செவேல்னு இருக்கு. ரெண்டாம் நாள் அதே விரலை மிஷின்ல வச்சு ஒரே மூச்சுல ரேகை குடுத்துட்டு வந்திருக்காளாம். அரைச்சு வச்ச இலை மருதாணி துரை. ரெண்டு நாள்ல போற சாயம் இல்ல."

துரைராஜ் தலைக்கவசத்தைக் கழற்றினான். "சில பேருக்கு எடுத்தாலும் எடுக்குமே மேடம்?"

"எடுக்கும். அதனால இது சாட்சி இல்ல, சந்தேகம். ஆனா ரகசியமா பாஸ்போர்ட் எடுக்க நாள் குறிச்சு வச்சிருக்கிற பொண்ணு, அதுக்கு முந்தி போய் விரல் நுனியெல்லாம் மருதாணி வச்சுக்குவாளா?"

"அப்போ பாஸ்போட் டுபாக்கூரா?"

"அசல். அதான் எனக்குப் பயமா இருக்கு. அது திருட முடியாத பெட்டி துரை. ஒருத்தர் விரலையும் முகத்தையும் உள்ள வச்சுப் பூட்டியாச்சுன்னா மாத்த முடியாது. ஆனா உள்ள வச்ச நகை யாரோடதுன்னு பெட்டிக்குத் தெரியுமா?"

"வேற ஒரு பொம்பளை லதா பேர்ல போய் நின்னா, ஆதாரப் பாத்துக் கண்டுபுடிக்க மாட்டாங்களா? சரி, அத விடுங்க. என் ஆதார்ல இருக்கிற மூஞ்சியப் பாத்து என் புள்ளையே யாருப்பா இந்த அங்கிள்னு கேட்டுச்சு."

"அதேதான். அந்தப் போட்டோவ வச்சு யாரையும் இல்லன்னும் சொல்ல முடியாது, ஆமான்னும் சொல்ல முடியாது. ஆனா லதாவோட ஆதார், பள்ளிக்கூட சர்டிபிகேட்டு எல்லாம் அசலாவே வேணும். அப்புறம் வீட்டுக்கு விசாரிக்க வர்ற போலீஸ்காரர் முன்னாடி லதாவா வந்து நிக்கணும். வெளியாள் இதப் பண்ண முடியுமா?"

துரைராஜ் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான். வண்டியை தி.நகர் பக்கம் திருப்பினான்.

*

முருகன் நல்லவிதமாகத்தான் வரவேற்றான். கடையைத் தாண்டி உள்ளே போனால் வீடு. முன்கூடத்தில் மாலை போட்ட மாணிக்கவாசகம் படம், அதற்குக் கீழே பூஜை அலமாரியில் வாய் அடைத்த காசிச் சொம்பு.

"அம்மா மனசு கேக்காம உங்ககிட்ட வந்திருக்காங்க. தாராளமா தேடுங்க மேடம். நேபாளத்துல எங்க இருந்தாலும் சரி, நல்லா இருக்கேன்னு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க போதும்" என்றான். குரல் தழுதழுத்தது. அழகாகவே தழுதழுத்தது.

"பாஸ்போர்ட் போட்டோ லதாவோடதுதானே?"

"ஸ்டேஷன்ல கம்ப்யூட்டர்ல காட்டினாங்க. எழுதியே குடுத்திருக்கேன். என் தங்கச்சிய எனக்குத் தெரியாதா?"

அவன் மனைவி தீபிகா காபி கொண்டுவந்து வைத்தாள். தலை குனிந்தே வந்தாள், தலை குனிந்தே போனாள்.

"காசிக்கு எப்போ போனீங்க?" சொம்பைக் காட்டிக் கேட்டாள் ஜுவேரியா.

"லதா போன அடுத்த வாரம். எங்க தேடியும் கெடைக்கல. அவ நல்லபடியா திரும்பி வரணும்னு நானும் இவளும் போய் வேண்டிக்கிட்டு வந்தோம். வந்துதான் போலீஸ்ல எழுதிக் குடுத்தேன். அதுவரைக்கும் வந்துருவான்னுதான் இருந்தேன்."

துரைராஜ் காபியை வாயில் வைத்தவன் அப்படியே நிறுத்தினான். ஜுவேரியா அவனைப் பார்க்காமல், லதாவின் அறையைப் பார்க்கவேண்டும் என்று எழுந்தாள்.

மாடிக்குக் கூட்டிப்போனது பேச்சியம்மாள். அறை துடைத்துவைத்ததுபோல் இருந்தது. ஜுவேரியா கதவைச் சாத்தினாள்.

"அம்மா, ஆடிக்கு மருதாணி நீங்கதான் வச்சு விட்டீங்களா?"

"ஆமா தாயி. மொட்டை மாடித் தொட்டில செடி இருக்கு. கொட்டப்பாக்கும் புளியும் வச்சு அம்மியில அரச்சு, நாந்தான் உக்காத்தி வச்சு விட்டேன்."

"ரெண்டு பேருக்குமா?"

பேச்சியம்மாள் முகம் சுளித்தாள். மாமியார் மனக்குறை எந்தத் துக்கத்திலும் தூங்குவதில்லை.

"மருமவ இந்த வருசம் கையவே நீட்டல. வந்த நாள்லருந்து வருசா வருசம் வச்சவதான். சளி புடிச்சிருக்கு அத்தை, மருதாணி குளுமன்னுட்டா. வாழுத புள்ள ஆடிக்கு வெறுங்கையோட இருக்காளேன்னு எனக்கு வருத்தம்தான்."

"நெசமாவே சளியா?"

"என்னத்த சளி? அன்னைக்குச் சாயங்காலமே முருகன் வாங்கியாந்த ஐஸ்கிரீம நக்கி நக்கித் தின்னா. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

ஜுவேரியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ அசிங்கங்களைப் பார்த்தவள்தான். ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒருத்தி சிவந்த கைகளைப் படம் பிடித்து ஆசையாகக் காதலனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, அதே வீட்டில் இன்னொருத்தி இயந்திரத்துக்காகத் தன் பத்து விரலையும் சுத்தமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். லதா காணாமல் போவதற்கு ஒரு மாதம் முன்பே அவளைக் காணாமல் போக்குவதற்கு நாள் குறித்தாகிவிட்டது.

"என்ன தாயி? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. நாளைக்கு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவீங்கல்ல?"

"மயிலாப்பூர் போவேன்."

"நாளைக்குச் சாயங்காலம் அங்க பாக்குறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க. பையன்கிட்டகூட."

பேச்சியம்மாள் தலையாட்டினாள். கதவைத் திறந்துவிட்டாள்.

*

பனகல் பார்க் ஓரமாக நின்று ஜுவேரியா இன்ஸ்பெக்டர் ஸ்ரீரங்கனுக்குப் போன் போட்டாள். வழக்கை முடித்தவர் அவர்தான். நேர்மையான ஆள், ஆனால் முடித்த கோப்பைத் திறப்பது என்றால் பல் பிடுங்குகிற மாதிரி வலிக்கும்.

"மருதாணியும் ஐஸ்கிரீமும் வச்சு நான் கேஸைத் திறக்க முடியுமா மேடம்? கூடப் பிறந்த அண்ணன் போட்டோவப் பாத்து எழுதிக் குடுத்திருக்கான்."

"அந்தப் போட்டோவ ஒரு தடவை எனக்குக் காட்டுங்க சார். இப்பக் காபி குடுத்த கையும் முகமும் எனக்கு இன்னும் மறக்கல."

"பிரைவேட் ஆளுக்குக் காட்ட எனக்கு அதிகாரம் இல்ல. பெத்தவங்க வரட்டும், காட்டறேன். அவங்க இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா அடுத்த நிமிஷம் ஜீப் கிளம்பும். ஆனா அந்தம்மா ஸ்டேஷனுக்கே வர மாட்டாங்கன்னு பையன் சொன்னானே?"

"அதத்தான் சார் அவன் நம்பிக்கிட்டிருக்கான்."

போனை வைத்தாள். பூங்காவுக்குள் யாரோ இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். துரைராஜ் வண்டிமேல் சாய்ந்து நின்றிருந்தான்.

"அந்தக் காசி விஷயம் எனக்கு இன்னும் வெளங்கல மேடம்" என்றான். "தீபிகாதான் லதா பேர்ல காத்மாண்டு பறந்தான்னு வச்சுக்கலாம். திரும்பி வந்தா ஏர்போட்ல மாட்டிக்குமே? லதா வந்துட்டான்னு காட்டிருமே?"

"பறந்துதானே போனா? பறந்து வரணும்னு யார் சொன்னா? நேபாள எல்லைல நம்ம ஊர்க்காரங்க சும்மா நடந்தே வரலாம். முத்திரை இல்ல, சிப்பைத் தேய்க்கிற மிஷின் இல்ல. அங்கேருந்து ரோடு வழியா காசி. முருகன் காசியில காத்துக்கிட்டிருந்திருப்பான். ரெண்டு பேரும் சேர்ந்து சொம்பு வாங்கிட்டு வீட்டுக்கு வந்தாச்சு. லதா போனதுக்கு மட்டும் கணக்கு இருக்கு, வந்ததுக்கு இல்ல."

"காசிக்குப் போனாலும் கருமம் தொலையாதுன்னு எங்கம்மா சொல்லும். இவங்க கருமத்த மறைக்கவே காசிக்குப் போயிருக்காங்க." துரைராஜ் சிரிக்கவில்லை. "எல்லாம் அந்தப் பாதிக் கட்டடத்துக்கா?"

"கட்டடமா, அஸ்வினோட சாதியா, ரெண்டுமா, அது முருகனுக்கே தெரியாது. தங்கச்சி எதுத்துப் பேசினா. அதுவே அவனுக்குப் போதும்."

"அந்தம்மா கேட்ட கேள்விக்குப் பதில் தெரிஞ்சுபோச்சு. சொல்லிரலாமே மேடம்? எதுக்கு ஸ்டேஷனுக்கு இஸ்துக்கினு போணும்? பாவம் மேடம்."

"நான் சொன்னா அது என் வார்த்தை. அவங்க கண்ணால பாத்தாத்தான் அது சாட்சி" என்றாள் ஜுவேரியா. சொல்லும்போது தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

*

மறுநாள் சாயங்காலம் மயிலாப்பூர்க் குளக்கரையில் பேச்சியம்மாள் நெற்றி நிறையத் திருநீறோடு காத்திருந்தாள். மூவரும் ஆட்டோவில் ஏறினார்கள். காவல் நிலைய வாசலில் இறங்கியதும் ஜுவேரியா அவள் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, நான் மறைக்க விரும்பல. உள்ள போனா நீங்க கேட்டதுக்குப் பதில் கெடைச்சிரும். அது நல்ல பதில் இல்ல. திரும்பிப் போயிட்டா, எம் பொண்ணு நேபாளத்துல எங்கயோ இருக்கா, என்னிக்காவது வருவான்னு நெனச்சுக்கிட்டு இருக்கலாம். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும். நான் இழுக்க மாட்டேன்."

பேச்சியம்மாள் படியைப் பார்த்தாள். மூன்று படிதான். அறுபது வயது வரைக்கும் ஏறாத படி.

"நெனச்சுக்கிட்டே இருக்கது எப்பிடின்னு இத்தன நாளா பாத்துட்டேன் தாயி. ஒவ்வொரு போன் மணிக்கும் செத்துப் பொழைக்கேன்" என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள்.

ஸ்ரீரங்கன் எழுந்து நாற்காலி போட்டார். கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். வெள்ளைப் பின்னணியில் ஒரு பெண்ணின் முகம். சிரிப்பில்லாமல், இரண்டு காதும் தெரிய, நேராகப் பார்க்கிற முகம். கீழே ஸ்வர்ணலதா மாணிக்கவாசகம் என்ற பெயர்.

பேச்சியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். இரண்டாம் முறையும் துடைத்தாள்.

"இது எம் மருமவ" என்றாள்.

"நல்லாப் பாருங்கம்மா. இதே படத்தப் பாத்துத்தான் உங்க பையன் என் தங்கச்சின்னு எழுதிக் குடுத்திருக்கார்."

"அஞ்சு வருசமா என் கையால சோறு வாங்கித் தின்னுதவ. எனக்குத் தெரியாதா?" அவள் விரல் திரையைத் தொட்டது. "போட்டுருக்கது எம் மவ சுடிதாரு. தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்தது. கழுத்துல இந்தப் பூவேலைக்காவயே எடுத்தேன்."

ஸ்ரீரங்கனின் முகம் கறுத்துப்போயிருந்தது. கையெழுத்துப் போட்டு முடித்த கோப்பு அவர் மேஜையில்தான் கிடந்தது.

"முருகன் இதப் பாத்தானா? இதே படத்தயா?"

"இதே படம்தாம்மா."

"பாத்துட்டு லதான்னு சொன்னானா?"

ஸ்ரீரங்கன் தலையை மட்டும் ஆட்டினார். பேச்சியம்மாள் அழுவாள் என்று எதிர்பார்த்து ஜுவேரியா அவள் தோளில் கை வைத்தாள். அவள் அழவில்லை. மூச்சுவிடுவதே பெரிய வேலையாக அவளுக்கு இருந்தது.

அப்போது அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். திரையில் முருகன்.

"எடுக்காதீங்கம்மா" என்றார் ஸ்ரீரங்கன் அவசரமாக. "சந்தேகப்பட்டுட்டான்னா ரெண்டு பேரும் கிளம்பிடுவாங்க. ஆள் போய்ச் சேர்ற வரைக்கும்…"

பேச்சியம்மாள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். போனைக் காதில் வைத்தாள். முருகனின் குரல் மற்றவர்களுக்கும் கேட்டது.

"எங்கம்மா இருக்க? எவ்வளவு நேரம்?"

"கோயில்லதான்யா இருக்கேன். வெள்ளிக்கெழமல்லா, கூட்டம் நெரியுது. நீ கடையிலயா?"

"வீட்டுக்கு வந்துட்டேன். கார் எடுத்துட்டு வரட்டா? குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"சாமியப் பாத்து அழுதேன்யா. வேறென்ன?" பேச்சியம்மாள் போனை மறு காதுக்கு மாற்றினாள். "நீ சாப்புட்டியா?"

"இல்லம்மா. நீ வந்தப்புறம் சாப்பிடலாம்னு."

"எனக்காவ இருக்காத. வயிறு காயப்படாது. தீபிகாவத் தோசை வாக்கச் சொல்லு. ரெண்டு பேரும் உக்காந்து சாப்புடுங்க. மெதுவாச் சாப்புடு. அம்மா ஆட்டோ புடிச்சு வந்துருதேன்."

போனை அணைத்து மேஜைமேல் வைத்தாள். துரைராஜ் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டான். பேச்சியம்மாள் இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்தாள்.

"இலையில கைய வச்சுட்டான்னா அவன் பாதியில எந்திரிக்க மாட்டான். நான் வளத்த வளப்பு அது. இப்பமே கெளம்புங்க சார். எம் மவள எங்கன கொண்டு போட்டான்னு மொதல்ல கேளுங்க."